பெரட்டுக்கு நேர்ந்த பிள்ளை

அண்ணி,

புதுக் காக்கித் துணியின் கஞ்சி வாடை பிரிக்பீல்ட்ஸ் வீடு முழுக்க அடிக்கிறது. தையல் மெஷின் மேல் உங்கள் மகனின் சட்டையும் கால்சட்டையும் கிடக்கின்றன. வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் சேர்க்கும் தொண்டர் படையில் சேர்ந்துவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் சொன்னான்.

"அத்தே, இடுப்பு தொளதொளன்னு இருக்கு. கொஞ்சம் புடிச்சுத் தாங்களேன்."

"எதுக்குடா உனக்கு இந்த வேஷம்? ரயில்வே ஆபீஸ் வேலை கசக்குதா?"

"அது பாட்டுக்கு அது இருக்கும். லீவு நாள்ல பரேட் மட்டும்தான். பேர் கூப்புடுவாங்க, 'யெஸ் சார்'னு நிக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். மெஷின் சக்கரத்தில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அவன் உங்கள் வயிற்றில் இருந்தபோது நடந்ததை நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போய், மூன்றாவதை நீங்கள் சுமந்துகொண்டிருந்த நேரம். கிள்ளானுக்கு அப்பால் அண்ணன் கிராணியாகக் கணக்கு எழுதிய ரப்பர் தோட்டத்துக்கு உங்களுக்குத் துணையாக வந்திருந்தேன். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அந்தக் கல் நின்றது. எப்போதோ நடந்த சண்டையில் அங்கே விழுந்தவர்களுக்காக வெள்ளைக்காரன் நட்டது. லயத்து வீடுகளில் குடியிருந்த கூலி ஆட்களுக்கு அது காவல் தெய்வம். சுருட்டும் கள்ளும் வைத்துக் கும்பிடுவார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். விடியற்காலையில் கங்காணி ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு, அங்கே செத்தவர்களுக்கு அந்தியில் நடக்குமாம். ஆள் குறைந்தால் தேடி வருவார்களாம்.

"வேதக்காரங்க வீட்டு மருமக சுருட்டை மடியில கட்டிக்கிட்டு வரீங்க. ஃபாதருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்று சீண்டினேன்.

"ஃபாதர் மந்திரிச்ச ரெண்டும் தங்கலையே, பாப்பா" என்றீர்கள்.

கல்லில் இருந்ததைப் படிக்கச் சொன்னீர்கள். எனக்கு இருந்த கான்வென்ட் இங்கிலீஷ் அதற்குப் போதும். மேலே இரண்டு துரைகளின் பெயர், பட்டம், வயது எல்லாம் இருந்தன. கீழே, 'இவர்களோடு விழுந்த சிப்பாய்களும்' என்று ஒரே ஒரு வரி. நம் நாட்டு ஆட்கள்தான். பெயர் கிடையாது.

"தொரைக்கு பங்களா, நமக்கு லயம். செத்தும் அப்படித்தான் போல" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தீர்கள். காட்டில் பூச்சிச் சத்தம்கூட அடங்கியிருந்தது.

"இந்தப் புள்ளைய மட்டும் விட்டுருங்க. ஆளாகுற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். அப்புறம் நானே உங்க பெரட்டுக்கு அனுப்புறேன்."

உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன். "என்ன அண்ணி, இப்படியா கேப்பாங்க?"

"வெறுங்கையோட நிக்கறவ வேற எதைச் சொல்லித்தான் கேப்பா?"

பிள்ளை தங்கியது. நீங்கள்தான் தங்கவில்லை. அவன் நடக்கத் தொடங்கிய வருஷமே காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் அவனைப் பிரிக்பீல்ட்ஸுக்குத் தூக்கி வந்தேன். எனக்கு வேறு பிள்ளை இல்லை. உங்கள் மேல் எனக்கு எத்தனை கோபம் தெரியுமா? பிள்ளை வரம் கேட்கலாம், தவணை சொல்லியா கேட்பது?

இப்போது எங்கு போனாலும் சண்டைப் பேச்சுதான். பாசாரில் மீன் விற்கும் சீனர், தன் ஊரில் ஜப்பான்காரன் போட்ட குண்டைச் சொல்லி அழுகிறார். உங்கள் மகனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "இந்த ரப்பர் காட்டுக்குள்ள யாரு அத்தே சண்டைக்கு வரப்போறா?" என்று சிரிக்கிறான். அச்சு அசலாக என் சிரிப்பு.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கிள்ளான் ரயிலில் ஏறிவிட்டேன். தோட்டத்து வண்டிக்காரர் கல்லுக்கு வெகு தூரத்திலேயே மாட்டை நிறுத்திவிட்டார். "பொழுது எறங்குது அக்கா. சுருக்கா வந்துருங்க" என்றார். கல்லைச் சுற்றிப் புல் வெட்டியிருந்தது. அடியில் புதுச் சுருட்டுகள் மழையில் ஊறிக் கிடந்தன. அந்த வாரம் எந்தத் தாய் வந்து என்ன சொல்லிவிட்டுப் போனாளோ.

உரக்கவே சொன்னேன். "வாக்குக் குடுத்தவ போயிட்டா. வளத்தவ நான். நான் அனுப்பலை."

ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது, அண்ணி.

வண்டியில் திரும்பும்போதுதான் ஒன்று தோன்றியது. நீங்கள் வாக்குக் கொடுத்த அன்று அவனுக்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் தெரியாத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவார்கள்? நல்லவேளையாக நானும் அங்கே அவன் பெயரைச் சொல்லிவிடவில்லை. அதை நெஞ்சில் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளுகிறேன். இந்த மடலிலும் அதை எழுதவில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் யாராவது வந்து கேட்டால், நீங்களும் சொல்லாதீர்கள்.