நைலானில் தைத்த இடது கால்

என் மகளே,

"நைலான் நூல்தான் அறுந்தே போகாதே, அப்புறம் பூட்ஸ் தைக்க எதுக்கும்மா இந்த மான் தசைநாரு?" என்று சின்ன வயதில் கேட்டாய். சிரித்து மழுப்பிவிட்டேன். தேநீரில் போட்ட பிஸ்கட்டைப்போல, ஈரம் பட்டதும் நார் உப்பி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். நைலான் உப்பாது.

போன வார விமானத்தில் அனுப்பிய கடல்நாய்த்தோல் பூட்ஸில் கடைத்துணியும் பூத்தையலும் அழகாகச் சேர்ந்திருக்கின்றன. விமானம் கிளம்பும் நேரத்தில் நார் தீர்ந்துவிட்டது. இடது காலின் அடியை நைலானில் முடித்தேன்.

நேற்று மிச்ச நூலைப் பார்த்த பக்கத்து வீட்டு சியாசி, "டீச்சரக்கா, பிள்ளைக்கு பூட்ஸ் தச்சீங்களா, சல்லடை தச்சீங்களா?" என்றாள். நானும் சிரித்தேன். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை நீ வேட்டைக்காக உறைந்த கடல்மேல் போகிறாய். ஈரத்தில் உறைந்துபோன உன் அப்பாவின் கால்விரல்களைப் பற்றி நான் எழுத மாட்டேன். மூன்று நாளாக உங்கள் ஊருக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. இதை இன்றைய விமானியின் கையிலேயே கொடுக்கிறேன்.

இடது பூட்ஸுக்குள் ஊதி, அதன் வாயை இறுகச் சுருட்டிப் பிடித்து, அடித்தையலைக் கன்னத்தருகே வைத்து அமுக்கிப் பார். காற்று பட்டால் அதைப் போடாதே.

உன் அம்மா