லுச்சானாப் பாலத்தில் கோதுமை மா

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, உன் மகள் அந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். மூடியைத் திறந்தேன். பெயின்ட் மணமும் அவித்த கோதுமை மாவின் மணமும் ஒன்றாக எழும்பின. செத்தவீட்டில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஊரை விட்டு வந்து நாம் குடியேறிய மனுரேவாவில், உன் கராஜுக்குள் கார் நின்றதே இல்லை. ஸ்பெயின்தான் நின்றது. பென்ரோஸ் வேர்ஹவுஸில் கிழமை முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் விரலளவு பொம்மைச் சிப்பாய்களுக்கு நிறம் தீட்டுவாய். இருநூறு வருசத்துக்குக் கிட்ட முந்தி, அரியணை யாருக்கு என்று ஸ்பானியர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்ட போர். கொட்டுகிற பனியில் லுச்சானாப் பாலத்தைப் பிடித்து, முற்றுகையில் கிடந்த பில்பாவோவை அரசியின் படை மீட்ட சண்டையைத்தான் மேசையில் அவர்களை வைத்துத் திரும்பத் திரும்ப ஆடுவோம். அந்தப் பனிக்கு, புட்டுக்கு அவித்து வைத்த மாவை அள்ளிக்கொண்டு வருவாய். "புட்டைக் கொண்டுபோய் ஸ்பெயினில கொட்டிப்போட்டு நிக்கிறார்" என்று உன் மனைவி என்னிடம் முறையிடுவா. மா அரித்துப் போருக்குப் போன ஆள் நீ ஒருவன்தான்.

உலகத்தில் இத்தனை போர் இருக்க, ஏன் இது என்று ஒருமுறை கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே பாசை, ஒரே சாமி. பிறகும் சுட்டவங்கள், மச்சான்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஊரில் ஒரு இயக்கத்தில் இருந்த உன் தம்பியைச் சுட்டது இன்னொரு தமிழ் இயக்கம். என் அண்ணா அந்த இயக்கத்தில் இருந்தார். அன்று அவரும் அங்கே நின்றாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்க முந்தி அவரும் செத்துப்போனார். இது உன் காதுக்கு எட்டினால் நம் சினேகிதம் அன்றோடு சரி என்று பயந்து பயந்துதான் உன் கராஜுக்கு வந்துபோனேன்.

ஒருநாள் ஆட்டம் முடிய, விழுந்த சிப்பாய்களை இரண்டு பக்கமாகப் பிரித்து வைக்கத் தொடங்கினேன். நீ எல்லாரையும் வழித்து இந்த டின்னுக்குள் போட்டாய்.

"செத்தவையை ஏன்ரா பிரிக்கிறாய்? உயிரோட இருக்கேக்க பிரிச்சது காணாதே?"

தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அந்தியேட்டியன்று உன் மகளும் அதையே செய்யப் பார்த்தாள். யார் எந்தப் பக்கம் என்று சொன்னால் பிரித்துத் தருவதாக இங்கிலீஷில் சொன்னாள். அப்பா பிரிக்க மாட்டார் என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. அண்ணாவைப் பற்றி, உன்னிடம் சொல்லாததை எல்லாம் உன் பிள்ளையிடம் சொன்னேன்.

கையில் எடுத்த சிப்பாயை அவள் திரும்ப டின்னுக்குள் வைத்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"அப்பா எனக்கு முந்தியே சொன்னவர், மாமா. உங்களிட்ட அதை ஒருநாளும் கேக்கக்கூடாதெண்டும் சொன்னவர்."

டின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஒருவரையும் பிரிக்கவில்லை. அவர்களில் ஒட்டியிருக்கிற மாவைக்கூடத் தட்டவில்லை.