சாம்பிராணியும் தேன்பெட்டியும்

காப்பார் தென்னந்தோட்டம், 1931

அம்மா, ஐயா இருவர் காலையும் தொட்டு மகள் செங்கமலம் எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? உங்கள் மாப்பிள்ளை காய்ச்சலில் இறந்துபோன சேதி தந்தியில் கண்டிருப்பீர்கள். நான் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அவர் தேனீ வளர்த்தார் அல்லவா? தென்னை நிறையப் பூக்கும்போது கூட்டை இரண்டாகப் பிரிப்பார், அடைமழையில் சீனித்தண்ணீர் வைப்பார். அப்படியே ஒரு பெட்டியை நாலாக்கினார். அவர் உட்காரும் இடமென்று அங்கேயே விளக்கு வைத்துத் தினமும் சாம்பிராணி போட்டேன். புகை தாங்காமல் மூன்று பெட்டி ஈக்கள் பறந்துவிட்டன.

"புகையை நிறுத்து தங்கச்சி, மிச்சமும் ஓடிரும்" என்கிறார் பக்கத்து வீட்டு மாசிலாமணி அண்ணன்.

"உனக்கு ஈ பெருசா, புருஷன் பெருசாடி?" என்று ஏசுகிறாள் அவர் பெண்சாதி பவுனம்மாள்.

காரியம் முடியும்வரை விளக்கை இடம் மாற்றக்கூடாதாம். அவர் வளர்த்ததில் இந்த ஒரு பெட்டிதான் மிச்சம். எதை விடட்டும் அம்மா?

ஊரிலிருந்து வருகிற ஆளிடம் உங்கள் பழைய சேலை ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கிள்ளான் பட்டணத்துக்குத் தபால் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார். உங்கள் பதில் கப்பலேறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதுங்கள்.

செங்கமலம்