மதினியின் ஊதாப்பூச் சேலை

மதினி,

உங்கள் ஊதாப்பூச் சேலையை இப்போதுதான் கொடியிலிருந்து எடுத்தேன். காலை வெயிலில் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஆனாலும் மடிக்கும்போது பச்சை ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் தேங்காய் எண்ணெயும் ஈரமண்ணும். அம்மா இதைத் தண்ணீரில் மட்டும்தான் அலசுகிறாள். நேற்று நான் சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"சோப்புப் போட்டா அவ வாசம் போயிரும். அப்புறம் அவ பெத்த இந்தச் சின்னப் பய என் முதுகுல தரிச்சுக் கெடக்க மாட்டான்."

ஆடி மழையில் வந்த காய்ச்சலோடு உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். நான் அப்போது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மா சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய கடிதம் என் கைக்கு வந்தபோது உங்கள் காரியமே முடிந்திருந்தது. பொங்கலுக்கு டுடோரியலை மூடிய பிறகுதான் வர முடிந்தது. பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறி வந்து, பூப்பாறை தாண்டி இறங்கி நடந்தேன். நம் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் வளைவில் இந்தச் சேலை எனக்கு முன்னால் மேடேறிப் போய்க்கொண்டிருந்தது. முதுகில் ஒரு குழந்தையின் தலை ஆடியது. "மதினி" என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தது அம்மா.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் ஒருநாள் நம் ஊர்ப் பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள் என்று சொன்னேன். அவர்கள் வீட்டில் பேரனுக்கு உத்தரத்தில் தூளி கட்டியிருக்கிறார்கள். நிலக்கடலை பிடுங்கப் போனால் வேப்பமரத்தில் ஒரு தூளி. அந்த அம்மா சிரித்தே விட்டார்கள்.

"ஏனுங்க டீச்சரு, கொரங்குக்குட்டியாட்டம் தொத்திக்கிட்டே வருமுங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. சமவெளியில் இருப்பவர்களுக்கு எப்படிப் புரியும்? ஏலச்செடி ஆளுக்கு மேல் வளர்ந்து நிற்கும், காயோ அடியில் மண்ணோடு மண்ணாகச் சரம் விட்டிருக்கும். குந்தி உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு குந்த முடியாது. தரையில் விட்டால் அட்டை. கிளையில் தூளி கட்டினால், செடி செடியாக நகர்கிறவளுக்கு அழுகை கேட்காத தூரம் ஆகிவிடும். முதுகு ஒன்றுதான் சும்மா இருக்கிறது. இதையெல்லாம் அவர்களிடம் நான் சொல்லவில்லை. எனக்குத்தான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராதே. "ஆமாங்க, தொத்திக்கிட்டு வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உங்களிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன்.

தம்பி முத்து பிறந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கிறேன். நான் ஏழாம் வகுப்பு. அம்மாவுக்குத் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரில் வேலை. காய் உலர்த்தும் அறைக்குள் எந்நேரமும் விறகுப் புகை. அங்கே கைக்குழந்தையைக் கொண்டுபோக முடியாது. தேயிலை எஸ்டேட்டுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா உண்டு, நம்முடையது சின்ன ஏலத்தோட்டம், அதெல்லாம் கிடையாது. அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் யாரும் என்னிடம் படிப்பை நிறுத்து என்று சொல்லவில்லை. குழந்தையைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நம் லயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முத்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்தின் முனையில் நிற்பேன். அவர்கள் போனபிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன். அடுத்த வீட்டிலிருந்து நீங்கள் செல்வியைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்புவீர்கள். அப்போது நீங்கள் அந்த வீட்டு அண்ணனைக் கட்டிக்கொண்டு கம்பத்துப் பக்கமிருந்து வந்து இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும். என்னைப் பார்த்துக்கொண்டே போவீர்கள். ஒருநாள் போகவில்லை. நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள்.

"அத்த, பயல எங்கிட்டக் குடுங்க. நான் முதுகுல போட்டுக்கிட்டுப் போறேன். மத்தியானம் காய் கொண்டாரப்ப ஸ்டோருக்குக் கொண்டாந்து பால் குடிக்க விடுறேன்."

"உனக்கே ஒண்ணு இருக்கே?"

"அவதான் நடக்க ஆரம்பிச்சுட்டால்ல? முந்தானைய நீளமா விட்டு இடுப்போட கட்டிக்கிருவேன். ஆட்டுக்குட்டி மாதிரி சுத்தி வருவா."

அன்று முத்து உங்கள் முதுகில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அழுதானாம். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நீங்கள் அம்மாவின் உடுத்திய சேலை ஒன்று வேண்டும் என்று கேட்டீர்கள். பெற்றவள் வாசம் இல்லாத துணியில் பிள்ளை தரிக்காது என்று மலையில் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அம்மாவுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. பால் கொடுக்கிறவள் சேலை, பால் கொடுக்கிற இன்னொருத்தி வீட்டுக்குப் போனால் பாலும் கூடவே போய்விடும். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அது மட்டும் முடியாதுத்தா" என்றாள்.

நான் பைக்கட்டைத் தோளில் மாட்டியபடி கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். மெல்லக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். உங்கள் வீட்டுக்குப் போய், இன்னும் புதுக்கருக்கு மாறாத இந்த ஊதாப்பூச் சேலையை எடுத்து வந்து அம்மாவின் தோளில் போட்டீர்கள்.

"நானும் இத ரெண்டு நாள் உடுத்திட்டேன். நீங்க இதக் கட்டிக்கங்க அத்த, ஒங்களத நான் கட்டிக்கிறேன். பால் போனா இங்கிட்டிருந்து அங்கிட்டுப் போகும், அங்கிட்டிருந்து இங்கிட்டு வரும். நம்ம லயத்தத் தாண்டி எங்க போயிரப் போகுது?"

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து தன் பழைய பச்சைச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். நீங்கள் அதை இரண்டாக மடித்து, முத்துவை முதுகில் சாய்த்து, ஒரு முனையைத் தோளுக்கு மேலும் மறுமுனையை அக்குளுக்குக் கீழும் கொண்டுவந்து முன்னால் முடிந்தீர்கள். என்னை அருகில் கூப்பிட்டு முடிச்சைத் தொடச் சொன்னீர்கள். "கழுத்துக்கிட்ட வந்தா இறுக்கும். நெஞ்சுல உக்காந்தா பாரமே தெரியாது." பிறகு என் முதுகில் ஒரு தட்டு. "பாத்துக்கிட்டே நிக்கிற? ஓடு, மணி அடிச்சிரப் போறாங்க."

அழுகைச் சத்தம் இல்லாமல் நீங்கள் மேடேறியதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

அம்மா இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போன அன்று அங்கே ஒரே கேலியாம். "என்னக்கா, மறுபடி மாப்பிள்ளை பாக்குறாகளா?" என்று கேட்டவளை அம்மா முறத்தால் தட்டியிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் சிரித்தீர்கள்.

மலையில் வேலை வாங்கும் கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. பெற்ற பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஊரார் பிள்ளையையும் சுமந்துகொண்டு, சொந்தப் பிள்ளையையும் கயிற்றில் கட்டின மாதிரி இழுத்துக்கொண்டு வருகிறவள் எங்கே காய் எடுக்கப் போகிறாள் என்பது அவர் பேச்சு. சனிக்கிழமைகளில் நானும் உங்களோடு வருவேன். அப்படி ஒரு நாள் என் காதுபடவே கேட்டார்.

"இது தோட்டமா, தொட்டில் கட்டுற எடமா? சாக்கு கொறஞ்சுச்சுன்னா நாளையிலருந்து அந்தப் பயல அவுக வீட்டுலயே விட்டுட்டு வா."

"எட போடுறப்ப பயலையும் சேத்துப் போடுங்க கங்காணி. கொறையவே கொறையாது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கு குறைந்தால் முத்து மறுபடி என் இடுப்புக்கு வருவான். உங்கள் கை வேகமாகத்தான் ஓடியது. ஆனால் செல்வி அட்டையைப் பார்த்து அலறுவாள், முத்துவுக்கு ஈரமாகும், அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டும். நானும் உங்கள் பக்கத்தில் குந்தித் தெரியாத்தனமாகப் பிஞ்சுக் காயையெல்லாம் பிடுங்கினேன். "அது கண்ணு தொறக்காத பிள்ளை, விட்டுரு" என்று என் கையை எடுத்துவிட்டீர்கள்.

சாயங்காலம் எல்லாரும் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக இறங்கினோம். உங்கள் சாக்கு பாதையோரம் கல்லில் இருந்தது. நீங்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முத்துவின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மேலிருந்து வந்த பெண் தன் மடியில் கைவிட்டு ஒரு பிடி காயை உங்கள் சாக்கில் போட்டுவிட்டுப் போனாள். அடுத்தவளும் போட்டாள். ஒருத்தியும் நிற்கவில்லை, ஒருத்தியும் பேசவில்லை. கங்காணி கீழே ஸ்டோர் வாசலில் இருந்தார். கடைசி ஆள் தாண்டியதும் நீங்கள் எழுந்து சாக்கைத் தூக்கினீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்தேன். "என்ன பாக்குற, நட" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. அன்று சாக்கு குறையவில்லை. முத்து நடக்கும்வரை ஒருநாளும் குறையவில்லை. அவன் நடக்க ஆரம்பித்ததும் சேலைகள் மறுபடி கைமாறின, இந்த ஊதாப்பூச் சேலை உங்களிடமே திரும்பி வந்தது.

நான் பி.ஏ. முடித்து வந்த அன்று லயமே வீட்டுக்கு வந்தது. எல்லாரும் என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டார்கள். நீங்கள் என் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தீர்கள். "இம்புட்டையும் இதுக்குள்ளயா வச்சிருக்க? கழுத்து வலிக்கலயா பிள்ள?" அதற்கும் நான் சிரித்தேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இருந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

நீங்கள் போனபிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் விட்டுப்போன சின்னவனை யார் பார்ப்பது என்று யாரும் பேசவில்லையாம். செல்வியின் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் மகள் ஆறாம் வகுப்பு மதினி, கணக்கில் முதலாவதாக வருகிறவள். ஆவணி முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை.

"ஒரு நாள் காலைல பாத்தேன்" என்று அம்மா என்னிடம் சொன்னாள். "தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு மொனையில நின்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளப் பாத்துக்கிட்டிருக்கா. அங்க அவ நிக்கல. நீ நின்ன."

அம்மா அன்றே கங்காணியிடம் போய், ஸ்டோர் வேலை வேண்டாம், மலைக்கு அனுப்புங்கள் என்றாளாம். உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் வேலையை யாராவது இந்த வயதில் விடுவார்களா? கங்காணிக்கும் வயதாகிவிட்டது, வாய் மட்டும் மாறவில்லை. "ஏத்தா, நெழல்ல இருந்தவளுக்கு அட்டைக்கடி கேக்குதோ?" என்றாராம். அனுப்பிவிட்டார்.

சின்னவன் அம்மா முதுகில் தரிக்கவில்லை. முத்து அழுத அதே அழுகை. அம்மா உங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் சேலை கேட்டிருக்கிறாள். அண்ணன் உங்கள் துணிமணிகளையெல்லாம் மூட்டையாகக் கட்டி, வழக்கப்படி ஆற்றில் விடுவதற்காக வாசலில் வைத்திருந்தாராம். அம்மா மூட்டையை அவிழ்த்து இந்த ஊதாப்பூச் சேலையை உருவினாள். லயத்துப் பெண்கள் பதறிப்போனார்கள். செத்தவள் சேலையைப் பச்சைப் பிள்ளைக்குக் கட்டலாமா, அவள் வந்து பிடித்துக்கொள்ள மாட்டாளா என்று.

உங்களுக்கு ஒரு பழைய சேலையைக் கொடுக்க அத்தனை பயந்த அம்மா சொன்னாளாம்: "பிடிக்கட்டும். பெத்தவதான? விழுகாமப் பிடிச்சுக்கிறட்டும்."

அந்தச் சேலையில் சின்னவன் தரித்துவிட்டான். இப்போது சாயங்காலம் பாதையில் அம்மாவின் சாக்கு நிற்கிறது. ஆளுக்கு ஒரு பிடி விழுகிறது. பிடி போடும் பெண்களில் பாதிப்பேர் புதியவர்கள். அவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "யாரு சொல்லணும்?" என்றாள் அம்மா.

இன்று அம்மா ரேஷன் வாங்கப் போயிருக்கிறாள். சின்னவனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். முதலில் கையில் வைத்து ஆட்டினேன், பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஊரைக் கூட்டினான். கொடியிலிருந்து சேலையை எடுத்து இரண்டாக மடித்தேன். முதல் முறை முடிச்சு கழுத்துக்கு வந்துவிட்டது. அவிழ்த்து, இறக்கி, மறுபடி கட்டினேன். இரண்டு மூச்சு விம்மினான். என் தோள்பட்டையில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான். எச்சில் ஒழுகி ரவிக்கை நனைகிறது.

உட்கார்ந்தால் விழித்துக்கொள்கிறான். அதனால் ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து அங்கங்கே கோணலாக இருக்கும்.

வளைவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. பையை ஆட்டிக்கொண்டு செல்வி முன்னால் வருகிறாள்.