சின்னையா பெயரில் போன டப்பா

ஆகஸ்ட் 5, 1957. திங்கள்

விடியும்போதே சுமத்ரா காற்று, மழை. குடை போச்சு. ஆற்றோரக் குடிசைக் கிராமம், அந்தக் கம்பம் முழுக்கச் சேறு.

இன்றைய வேலை: காசநோய்ச் சோதனைக்கு வீடு வீடாகச் சளி டப்பா கொடுப்பது. நர்ஸ் ரோஸ் மிஸ்ஸி பேசுவார், நான் பை தூக்கி, டப்பாவில் பெயர் எழுதுவேன். ஆறாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும். கம்பத்துக்காரர்கள் என்னை 'டாக்டரண்ணே' என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

ரப்பர் ஆலைப் புகை மழையிலும் கலையவில்லை. வீட்டுக்கு வீடு இருமல். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "புகைதான் லா." மிஸ்ஸி சொன்னது: புகை பாதி, காசநோய் பாதி. எது யாருக்கு என்று சளியைப் பார்த்தால்தான் தெரியுமாம்.

6, செவ்வாய்

வெயில். டப்பாக்களைத் திரும்ப வாங்கினோம். சின்னையா டப்பா மட்டும் காலி. ஆலையில் புகைக்கூடத்துக்கு விறகு போடுகிறவன். நாலு பிள்ளை. நோய் என்று சீட்டு வந்தவன் வேலைக்கு வரவேண்டாம் என்று ஆலைக் கங்காணி, அந்த மண்டோர் சொல்லிவிட்டானாம்.

மிஸ்ஸி அடுத்த வீட்டில். சின்னையா மெதுவாக, "அண்ணே, பேரு எழுதுறது நீங்கதானே. உள்ளே யாரு சளின்னு யாரு பாக்கப் போறா?"

கிணற்றுக்குப் பின்னால் போய் நானே காறித் துப்பி மூடினேன். என் சளி சுத்தமான சளி என்று அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் ஒரு மாதமாக இருமல் உண்டு. கம்பத்துக்கு வந்து வந்து பிடித்த புகை, வேறென்ன. சின்னையாவுக்கு உதவி, மிஸ்ஸிக்கு முழு வரிசை, எனக்குப் புண்ணியம். திரும்பும்போது தேக்கா கடைத்தெருவில் டீ, வடை இரண்டு.

12, திங்கள்

புழுக்கம். பரிசோதனை முடிவு வந்தது. அந்த வரிசையில் கிருமி உள்ளவர் இருவர். ஒன்று, ஒரு சீனக் கிழவர். இன்னொன்று சின்னையா.

மூன்று தடவை வாசித்தேன். டப்பாவில் நான் எழுதின பெயர்தான், எழுத்துப் பிசகாமல்.

நாளைக்கு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும், ஆலைக்கும் சொல்லணும் என்றார் மிஸ்ஸி. தலையாட்டினேன்.

வீட்டில் கமலா வழக்கம்போல் நெஞ்சில் ஏறிக் குதிரை ஓட்ட வந்தாள். மூன்று வயது. வயிற்றுவலி என்று தள்ளிவிட்டேன். அழுதாள். தேக்காவில் தனியாக என்னத்தைத் தின்னீங்க என்று மனைவி. தனி டம்ளர், தனித் தட்டு எடுத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு முறைப்பு.

13, செவ்வாய்

கம்பத்துக்குப் போவதற்குள் சேதி மண்டோர் காதுக்கு எப்படியோ போய்விட்டது. சின்னையா வாசலில் உட்கார்ந்திருந்தான், வேலைக்குப் போகவில்லை. அவன் மனைவி எங்களைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை அவன். "நான் நல்லாத்தான் இருக்கேன் மிஸ்ஸி. அண்ணனைக் கேளுங்க" என்றான். அவ்வளவுதான்.

மிஸ்ஸி திரும்பினார். பையைக் கீழே வைத்தேன். சேறு என்றுகூடப் பார்க்கவில்லை.

"அது என் சளி மிஸ்ஸி."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அப்போ இவருக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு என்னன்னு தெரியும். வீட்ல யார் யார் இருக்காங்க?"

மனைவி, மகள் என்றேன். மகள் வயது கேட்டார். சொன்னேன்.

பிறகு நேராக ஆலைக்குப் போய், டப்பா மாறிவிட்டது, தப்பு எங்கள் பக்கம் என்று மண்டோரிடம் சொல்லிவிட்டு வந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. மறுசோதனை வரும்வரை சின்னையாவுக்கு வேலை உண்டு. அவனிடம் புது டப்பா கொடுத்தார். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே வாங்கினான். ஆலைப் பக்கம் முதுகைக் காட்டி நின்று இருமினான். தொடங்கியவனால் நிறுத்த முடியவில்லை.

14, புதன்

நான் வேலைக்கு வரவேண்டாம் என்று உத்தரவு. நாளைக்கு எக்ஸ்ரே. காலை பத்து மணிக்கு மிஸ்ஸியே வீட்டுக்கு வந்தார், பையைத் தானே தூக்கிக்கொண்டு. மனைவிக்கு நேற்றே சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. பாயை மட்டும் தனியாகப் போட்டாள். இன்று மிஸ்ஸியிடம் தனக்கான சளி டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

கமலாவுக்கும் டப்பா வேண்டுமாம். பாப்பாவுக்கு இது வேண்டாம் என்று மிஸ்ஸி சொல்ல, எனக்கும் இருமத் தெரியும் என்றாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, குனிந்து, அச்சு அசல் நான் இருமுகிற மாதிரி இருமிக் காட்டினாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இருமு கண்ணு" என்று சொல்லி, குழாயைக் காதில் மாட்டி, முனையைப் பிள்ளையின் முதுகில் வைத்தார்.