நான் வானத்தில் இருந்த நேரம்

மாப்ள,

இன்று காலை என் மகன் கணினியில் சான்பிரான்சிஸ்கோவுக்கும் கொச்சிக்கும் எவ்வளவு தூரம் என்று தேடிக்கொண்டிருந்தான். உன் மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் போட வேண்டும். பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், விமானத்தில் சுமார் பதினெட்டு மணி நேரம் என்று திரையில் வந்தது. குமுளி மலை இறங்கிக் கம்பம் வந்து சேரும் நேரம் அதில் இல்லை. பையனுக்கு ஒரே குஷி. எனக்கு அந்தப் பதினெட்டு மணி நேரம்தான் கண்ணில் பட்டது. காபியைக் கீழே வைத்துவிட்டு உன்னிடம் பேச உட்கார்ந்துவிட்டேன்.

கம்பத்தில் வாடகைக் கார் ஓட்டியவன் நீ. வெளிநாட்டிலிருந்து சாவுக்கு வருகிறவர்களைக் கொச்சியிலிருந்து கூட்டிவர உன்னைத்தான் அனுப்புவார்கள். கூசாமல் பொய் சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது. ஒருமுறை லீவில் வந்திருந்த நானும் உன்னோடு முன் சீட்டில் வந்தேன். துபாயிலிருந்து இறங்கியவர் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"வெள்ளன கஞ்சி குடிச்சாகண்ணே. ஒண்ணும் கவலப்படாதீக" என்றாய், குரலில் ஒரு பிசிறு இல்லாமல்.

குமுளியில் அவருக்கு டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தாய். சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். தெருமுனையில் பந்தலைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. திரும்பும்போது உன்னைத் திட்டினேன். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எதுக்கு மாப்ள? வந்து சேர்ற வரைக்காச்சும் அவருக்கு அப்பன் உசுரோட இருக்கட்டுமே."

பிறகு உனக்கு ஈரல் கெட்டது. "நாள் தாங்காதுங்கிறாக, கெளம்பி வாங்கண்ணே" என்று உன் மனைவி சொன்னதும் கிடைத்த விமானத்தில் ஏறினேன். உன்னை உயிரோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள். 

"இப்பத்தேன் கஞ்சி குடிச்சாகண்ணே. நீங்க பதறாம வாங்க."

எனக்குத் தெரிந்துவிட்டது. உன் வீட்டில் வேறு யாருடைய பொய்யைச் சொல்வார்கள்? "சரிம்மா, பாத்துக்க" என்று போனை வைத்துவிட்டு, அடுத்த விமானத்துக்கு வரிசையில் போய் நின்றேன்.

கொச்சியில் உன் காரையே எடுத்து வந்திருந்தான் உன் சிநேகிதன் ஒருவன். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "நல்லாத்தேன் இருக்காகண்ணே" என்று சொல்லிவிட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். அவன் மனம் கோணாமல் இருக்க நானும் உன் உடம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தேன். அவன் நிறுத்திய இடத்தில் டீ குடித்தேன். மலை இறங்க இறங்க, பின்சீட்டில் நீ உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் நடிப்பையும் கேட்டுக்கொண்டு வருவதாகவே பட்டது. கம்பம் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது மாப்ள.

உன் நினைவு நாளில் வருடா வருடம் உன் வீட்டுக்குப் போன் செய்கிறேன். போன முறை உன் மனைவி கேட்டேவிட்டாள்: "அவுக எத்தன மணிக்குப் போனாகன்னு ஒருநாளும் கேக்கலையேண்ணே?"

பேச்சை மாற்றிவிட்டேன். அன்று சிங்கப்பூருக்கு வந்த முதல் விமானத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டார்கள். எப்படியும் உன்னைப் பார்த்துவிடுவேன் என்ற தைரியத்தில் நானும் பார்த்தேன். ஓரிடத்தில் பக்கத்து சீட்டுக்காரர் விழித்துக்கொள்ளும் அளவுக்கு வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சொல்லப்போகும் நேரம், நான் சிரித்த அந்த நேரமாக இருந்துவிட்டால் என்ன செய்வேன்?