குத்துவிளக்கோடு சேர்த்துத் தேய்த்தது

கிள்ளான்,
19-1-1998

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நடமாட்டமாக இருக்கிறோம், லீட்ஸ் குளிரில் நீயும் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க வேண்டும். இதை எழுதும்போது வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். தம்பி ஜெயராஜ் பேக்டரிக்குப் போய்விட்டான், அப்பா லிட்டில் இந்தியாவில் பத்தர் கடைக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். கார் வாசலில்தான் நிற்கிறது. அது நிற்க அவர் ஏன் பஸ்ஸில் போனார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், அவர் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

போன கடிதத்தில் நீ, பழைய கார் ஒன்று வாங்கினேன், முன் விளக்கு இரண்டும் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, வீட்டில் இருப்பதைக் கொண்டே துடைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். வேண்டாம் மகளே. புளி, சாம்பல், தேங்காய் நார் எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். மேலே மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறதாம், வெயில் பட்டுப் பட்டு அது கெட்டுத்தான் மஞ்சளாகிறது. நம் கார் விளக்குக்குப் பட்டறைக்காரர் சபாபதி செய்ததை முழுவதும் பக்கத்தில் நின்று பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, பெயிண்டில் படாமல் சுற்றிலும் டேப் ஒட்டி, ஈரமான சாண்ட் பேப்பரால் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தார், முதலில் கொஞ்சம் சொரசொரப்பானது, பிறகு அதைவிட மெல்லியது, கடைசியில் பட்டுத்துணி மாதிரி ஒன்று. அப்புறம் பாலிஷ், அதற்கும் மேலே காப்புக்கு ஒரு பூச்சு. அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் மறுபடி மங்கிவிடும் என்றார். நீயாகச் செய்யாதே, வேலை தெரிந்தவரிடம் கொடு. நிழல் பார்த்து நிறுத்து. துடைப்பதானால் நனைந்த மெல்லிய துணி போதும்.

தீபாவளிச் சமயத்தில் அப்பா ஒருவரை இடித்துவிட்டார், புகைமூட்டத்தில் வழி தெரியவில்லை என்று போனில் சொன்னோம் அல்லவா, அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. போன வருஷம் முழுக்கப் புகையாக இருந்ததால் கேட்டவர்கள் எல்லாம் நம்பிவிட்டார்கள். ஆனால் அன்று மத்தியானம் மழை கொட்டி, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. காப்பாரில் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்புகிறோம், காரில் அப்பாவும் நானும் மட்டும், பொழுது அப்போதுதான் இருட்டியது. பக்கிரிசாமி என்று எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர், சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனோம், மனுஷர் கட்டுப் போட்ட காலோடு சிரிக்கிறார். "காடி வர்றது தெரிஞ்சுச்சுண்ணே, ஆனா லைட்டு அகல்விளக்காட்டம் மங்கலா இருந்துச்சா, எங்கியோ தூரத்துல வருதுன்னு நெனச்சு உருட்டிட்டேன். மூஞ்சிக்கு முன்னால வந்தப்ப பேய்னே நெனச்சேன், பேய் எங்க காடி ஓட்டும்லா" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அப்பா மட்டும் "இல்லப்பா, என் கண்ணுதான் போச்சு" என்றார். தப்பு அவர் கண்ணில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் ஆயுத பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு எல்லாம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன், அதே கையோடு போய்க் கார் விளக்கையும் தேய்த்தேன். அதுவும் விளக்குத்தானே, பூஜையன்று மஞ்சள் பூத்து நிற்கிறதே என்றுதான். தண்ணீர் ஊற்றியபோது பளிச்சென்று தெரிந்தது. காய்ந்ததும் வெள்ளையாகப் படர்ந்திருக்கும், நான் அதற்குள் சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டேன், அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பட்டறையில் சபாபதி "யாருக்கா இத பாத்திரம் மாதிரி போட்டுத் தேச்சது? கோடு கோடா இருக்கு பாருங்க, இத வச்சு அண்ணே எப்படி ஓட்டுனாரு?" என்று கேட்டார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று வாய் கூசாமல் சொன்னேன் ரமணி. இடித்ததில் உடைந்த ஒன்றுக்குப் புதிது போட்டார், மற்றதைத் தேய்த்துத் தெளிய வைத்துவிட்டார். அப்பா பார்க்கும்போது இரண்டும் பளபள என்று இருந்தன. நான் செய்ததற்கு இப்போது அடையாளமே இல்லை.

கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொன்னார், அப்பா நம்பவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் பார்க்கிறார். கார்ச் சாவியை முருகன் படத்தின் கீழே வைத்துவிட்டார், எடுப்பதே இல்லை. வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் பக்கிரிசாமியைப் பார்க்கப் போகிறார், அந்த மனுஷர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். நான் வெயில் படாமல் கார் விளக்கு இரண்டையும் என் பழைய வாயில் சேலையைக் கிழித்துக் கட்டி வைத்திருக்கிறேன், வாசலுக்குப் போனால் கண்ணைக் கட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை புளியைக் கையில் எடுத்தாலே சைக்கிள் விழுந்த சத்தம் கேட்கிறது. அதனால் குத்துவிளக்கைத் தேய்ப்பதில்லை, துணியால் துடைத்து ஏற்றுகிறேன், கறுத்துப்போய்விட்டது. பாசாருக்குக் காய் வாங்கப் போனால் ரோட்டைத் தாண்ட முடியவில்லை, எந்தக் கார் பக்கத்தில் வருகிறது எது தூரத்தில் வருகிறது என்று எனக்கும் இப்போது தெரிவதில்லை.

பத்தர் கடைக்கு எதற்குப் போனார் என்று கேட்பாய். வெள்ளியில் கண்மலர் செய்யக் கொடுத்திருக்கிறார், பூசத்தன்று பத்துமலையில் முருகனுக்குச் சாத்தி, கண்ணைக் கொடுப்பா என்று கேட்கப்போகிறாராம். நன்றாக இருக்கிற கண்ணுக்கு. நான் பக்கத்தில் நின்று கும்பிட வேண்டும். அவர் திட்டினால் தாங்கிக்கொள்வேன், திட்டவே மாட்டார், அதுதான் பயம். இரண்டு தரம் வாயெடுத்தேன், இரண்டு தரமும் "என்னம்மா" என்று அந்தக் கண்ணால் பார்த்தார், சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சளிக்கு மிளகும் மஞ்சளும் பாலில் போட்டுக் குடி. கார் விளக்கை நீ தொடாதே, மறக்காதே. கந்தன் உனக்கு எப்போதும் துணையிருக்கட்டும், நீ போகும் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும்.

உன் அம்மா,
நல்லம்மாள்

பூசத்திற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. போனில் பேசாதே, அப்பாதான் எடுப்பார். அவர் மலை ஏறுவதற்கு முன் நான் சொல்லிவிடட்டுமா என்று சீக்கிரம் பதில் எழுது.